சில்லுத் தரையில் ஒரு லோடர்

செல்வநாயகி சாணிக்கூடையை எடுத்த எடுப்பில் தூக்கிவிட மாட்டாள். குனிந்து இரண்டு காதையும் பிடித்து, தரையை விட்டு ஒரு சாண் உயரம் எழுப்பிப் பார்ப்பாள். திரும்பவும் கீழே வைத்துவிடுவாள். அப்புறம்தான் நிஜமாகத் தூக்கி இடுப்பில் சாய்த்துக்கொண்டு எருக்குழிப் பக்கம் நடப்பாள். கல்யாணமாகி வந்த புதிதிலும் அப்படித்தான். மகன் கார்முகில் வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான். தலை பாதி நரைத்த பிறகும் அப்படித்தான். ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு தூக்கு.

கூட மாட வேலைக்கு வரும் தங்கம்மாளுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு அடங்காது.

"அம்மன்கிட்ட உத்தரவு கேக்குறியாடி? பல்லி சொல்லணுமா, பூ விழணுமா?"

செல்வநாயகி அடுத்த கூடைக்குக் குனிவாள். அவளுக்கே அது ஏன் என்று தெரியாது. கை பழகிவிட்டது.

கவனித்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் இன்னொன்றும் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் முதல் தூக்குக்கும் இரண்டாவது தூக்குக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் இருந்தது. கொஞ்ச வருஷமாக அது நீண்டுகொண்டே போனது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் புறங்கையை ஊன்றிக்கொண்டு, எதிரே இருக்கிற மாட்டின் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பாள். மாடும் அசை போட்டுக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவளுக்கும் புருஷன் அர்ச்சுனனுக்கும் கம்மாபுரம் பக்கம் நிலம் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன நிலங்களோடு அதுவும் போனது, வீடும் போனது. வந்த நஷ்டஈட்டை வைத்துக்கொண்டு விருத்தாசலத்துக்கு வெளியே ஒரு இடத்தை வாங்கினார்கள். சின்னதாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, மிச்சத்துக்கெல்லாம் அர்ச்சுனன் மாடு பிடித்தார்.

"நெலம்னா எடுத்துக்கறோம்னு யாராச்சும் வருவாங்க. மாட்டைக் கேட்டு எவனும் நோட்டீஸு குடுக்க மாட்டான்" என்பார். பால் ஊற்றப் போகிற டீக்கடையிலெல்லாம் இதையே சொல்வார்.

செல்வநாயகி அந்த மாதிரி எதுவும் சொன்னதில்லை. ஆனால் பழைய வீட்டைக் காலி செய்த அன்றைக்கு, சாமான் எல்லாம் வண்டியில் ஏறின பிறகு, அவள் ஒருத்தி மட்டும் மாடு கட்டும் இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. மாடு படுத்து எழுந்த பள்ளம் பள்ளமாகத் தரை கிடந்தது. அதற்கப்புறம் எத்தனையோ கஷ்டம் வந்தது, போனது. அந்த வெறும் தரை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

புது இடம் சுத்தக் களிமண். மழை பெய்தால் மாட்டுக்கு முட்டி வரை இறங்கும். காலை உருவி எடுக்க முடியாமல் மாடு கத்தும். விருத்தாசலத்தில் பள்ளத்தைத் தூர்க்க யாரும் மண்ணுக்கு அலைவதில்லை. பீங்கான் சூளைகளில் கோணிப்போனது, வெடித்தது, உடைந்தது எல்லாம் குன்று குன்றாகக் கிடக்கும். டிராக்டர் வைத்து அள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான். காது போன கப்பு, மூக்கு போன பொம்மை, கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் என்று எல்லாவற்றையும் கொட்டிப் பரப்பினார்கள். புருஷனும் பெண்சாதியும் சுத்தியலால் தட்டித் தட்டி உடைத்தார்கள். அதன்மேல் கிராவல் மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையால் அடித்து இறுக்கினார்கள்.

அந்த வருஷ மழையில் ஊரெல்லாம் சேறாகக் கிடந்தபோது அவர்கள் மாடுகள் மட்டும் கால் நனையாமல் நின்றன. பார்த்துவிட்டுப் போனவர்கள் தங்கள் வீட்டிலும் அப்படியே செய்தார்கள். நாளாக நாளாக, கீழே சில்லு கிடப்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள். மேலே பார்த்தால் மண் தரை. அவ்வளவுதான்.

போன ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. செல்வநாயகி கூடையை ஒரு சாண் எழுப்பினாள். கீழே வைத்தாள். நிமிர முடியவில்லை. குனிந்தது குனிந்தபடியே, ஒரு கையால் கூடையின் காதையும் இன்னொரு கையால் மாட்டின் முன்னங்காலையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கம்மாள் வழக்கம்போல, "என்னா, இன்னிக்கு அம்மன் உத்தரவு குடுக்கலியா?" என்றாள்.

"அக்கா" என்றாள் செல்வநாயகி. அந்தக் குரலைக் கேட்டதும் தங்கம்மாள் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு எலும்பாக எண்ணி எதையோ காட்டினார். "இனிமே குனிஞ்சு கனம் தூக்கக் கூடாதும்மா" என்றார்.

"எவ்ளோ நாளைக்குங்க?"

"இனிமேன்னா இனிமேதாம்மா."

ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அர்ச்சுனன் சுற்றாத தெருவில்லை. சாணி அள்ள வருகிறேன் என்று சொல்ல இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? தங்கம்மாள் புல் அறுப்பாள், பால் கறப்பாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, கூடை தூக்கும் தெம்பு இல்லை. அர்ச்சுனனுக்கோ குடலிறக்கத்துக்கு ஆப்பரேஷன் செய்த உடம்பு. கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவரே அள்ளிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"ஒண்ணு மிஷினு வாங்கணும். இல்லாட்டி மாட்டை வித்துடணும். வேற வழியில்ல, நாயகி."

செல்வநாயகி மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்தாள். வெளியே மாடுகள் காலை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு அந்தப் பழைய வீட்டு வெறும் தரைதான் ஞாபகம் வந்தது.

"மிஷினே பாருங்க" என்றாள்.

மிஷின் பார்ப்பது என்றால் அதற்குப் பரக்கத்துல்லாதான். ஜங்ஷன் ரோட்டில் டயர் கடை வைத்திருப்பவர். அண்ணன் தம்பி எல்லோரும் வளைகுடாவில் இருக்கிறார்கள், இவர் மட்டும் டயரோடு இங்கே தங்கிவிட்டார். எந்த வண்டி எந்த ஊரில் விலைக்கு வருகிறது என்று அவர் கடைக்கு வந்து சேராத சேதி இல்லை. அர்ச்சுனனும் அவரும் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். செல்வநாயகி டீ போட்டு வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஜேசிபி ஆவாதுண்ணே. உள்ள நுழைஞ்சா மாட்டுக் கொட்டாவையும் சேத்து அள்ளிட்டு வந்துடும்" என்றார் பரக்கத்துல்லா.

"பெண்ணாடத்துல கரும்பு லோடு ஏத்துறானே, அது?"

"அது கரும்பைக் கட்டிப் புடிச்சித் தூக்கும். சாணியைக் கட்டிப் புடிக்குமா?"

"அப்ப டிராக்டரு முன்னாடி பக்கெட்டு மாட்டுவானே?"

"டிராக்டரு நீளம். கொட்டாவுக்குள்ள போவும். திரும்பணும்ல? பின்னாடியே வரணும்."

கார்முகில் சென்னையிலிருந்து போனில் படம் படமாக அனுப்பினான். வெளிநாட்டுப் பண்ணை. சின்னதாக, சதுரமாக, கூண்டு மாதிரி ஒரு வண்டி. நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. இரண்டு மாட்டுக்கு நடுவில் புகுந்து சாணியை வழித்துக்கொண்டு அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. தங்கம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, இது மாட்டுக் கொட்டாவா, ஆஸ்பத்திரியா? தரையில சோறு போட்டுத் தின்னலாம் போலக்குதே!"

எல்லோரும் சிரித்தார்கள். தரையைப் பற்றி அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

படத்தில் இருந்த அந்தக் கூண்டு வண்டிதான் என்று முடிவானது. ஸ்கிட் லோடர் என்று அதற்குப் பேர். அர்ச்சுனன் கயிறு எடுத்து அளந்தார். வாசல் அகலம் அளந்தார். கூரைக் கம்பியின் உயரம் அளந்தார். தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் அளந்தார். தவிட்டு மூட்டையைத் தூக்குமா, வைக்கோல் கட்டைத் தூக்குமா, எருவை டிராக்டர் டிப்பருக்கு மேலே கொட்டுகிற உயரம் எட்டுமா என்று எல்லாம் கேட்டார். எதற்கும் பரக்கத்துல்லா பதில் வைத்திருந்தார்.

செல்வநாயகி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யாரு ஓட்டுறது?"

"நான்தான். உனக்கு எதுக்கு அந்தக் கவலை? நீ இனிமே கையைக் கட்டிக்கிட்டு நில்லு" என்றார் அர்ச்சுனன்.

காலையில் சாணி அள்ளுகிற நேரத்துக்கு நீங்க பால் கேனோடு டவுனுக்குப் போயிடுவீங்களே என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டாள். நிலம் போனதிலிருந்து அவர் எதையும் அப்படிக் கயிறு வைத்து அளந்து அவள் பார்க்கவில்லை.

வண்டி வந்தது. பழைய வண்டிதான், ஆனால் மஞ்சள் பெயிண்ட் அடித்துப் புதுசு போல நின்றது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, பக்கெட்டுக்கு மாலை போட்டார்கள். அர்ச்சுனன் கூண்டுக்குள் உட்கார்ந்து இரண்டு பிடியையும் தள்ளினார். விர்ரென்று உள்ளே போனது. மொத்தச் சாணியையும் ஒரே தள்ளாகத் தள்ளி, நின்ற இடத்தில் சுற்றி, குழியில் போய்க் கொட்டியது. அரை நாள் வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்தது. செல்வநாயகி ஓரமாக நின்று பார்த்தாள். அவள் கை இரண்டும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தன.

அந்தக் கொஞ்ச நாள் அவள் நன்றாகத் தூங்கினாள். அதை மறைக்க வேண்டியதில்லை.

அர்ச்சுனன் டவுனுக்குப் போய்த் திரும்ப வெயில் ஏறிவிடும். அதற்குள் மாடுகள் சாணியை மிதித்து, அதிலேயே படுத்து, மடியெல்லாம் பூசிக்கொண்டிருக்கும். சரி, அவர் வந்துவிடுவார் என்று செல்வநாயகி பொறுத்துக்கொண்டாள். வந்ததும் அவசர அவசரமாக வண்டியை எடுப்பார். அந்த வண்டிக்குத் திருப்புகிற ஸ்டீயரிங் கிடையாது. ஒரு பக்கத்து டயர் நிற்கும், மறுபக்கத்து டயர் ஓடும். அப்படித்தான் அது சுற்றும். சிமெண்ட்டுத் தரையில் அது பம்பரம். மண் தரையில் ஒவ்வொரு சுற்றுக்கும் டயர் மண்ணைத் தேய்த்துத் தள்ளியது. பக்கெட்டின் இரும்பு விளிம்பு மிச்சத்தைச் சீவியது. மேலே போட்டிருந்த கிராவல் ஒரு கை கனம்தான் இருக்கும்.

முதலில் வந்தது ஒரு கப்பின் காது. தங்கம்மாள் சாணியிலிருந்து எடுத்துத் துடைத்து, சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டினாள்.

"நாயகி, கப்பு வந்துடுச்சி. டீ எப்ப வரும்?"

அடுத்த நாள் ஒரு பொம்மையின் தலை. மூக்கு இல்லை, கண் மட்டும் விழித்துக்கொண்டிருந்தது.

"பாருடி, உன் மாமியா எந்திரிச்சி வரா. இன்னும் சாணி அள்ளலியான்னு கேக்குறா."

செல்வநாயகியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையைப் பார்த்தாள். வண்டி சுற்றின இடத்தில் வட்ட வட்டமாகக் கீறல். கீறலுக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ மின்னியது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அந்த வாரமே மயிலை காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொட்டகையிலேயே அதிகம் கறக்கிற மாடு அதுதான். மாட்டு டாக்டர் வந்து குளம்பைக் கழுவி, பிளவுக்குள் இடுக்கியை விட்டு இழுத்தார். முக்கோணமாக ஒரு சில்லு. ஓரத்தில் பாதி நீலப் பூ வரைந்திருந்தது. டாக்டர் அதைச் செல்வநாயகியின் உள்ளங்கையில் வைத்தார். "என்னம்மா, கண்ணாடிக் கடைக்குள்ள மாட்டைக் கட்டி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

அடுத்து வந்தவர் தங்கராசு. பெண்ணாடம் பக்கத்து விவசாயி, வருஷா வருஷம் அவர்களிடம்தான் எரு எடுப்பவர். பைக்கை விட்டு இறங்கியதும் துண்டு முடிச்சை அவிழ்த்து, முற்றத்தில் கொட்டினார். எல்லாம் சில்லு.

"அர்ச்சுனா, நான் எருவுதான் கேட்டேன். பீங்கான் கடை வெக்கிறேன்னு உன்கிட்ட சொன்னேனா?"

அர்ச்சுனன் குனிந்து ஒரு சில்லை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"நடவுக்கு வந்த பொம்பளைங்க காலெல்லாம் கிழிஞ்சி ரத்தம். உன் வயல்ல இனிமே கால வெக்க மாட்டோம்னு கரையேறிட்டாங்க. நான் யாரைக் கூப்புடுறது, சொல்லு."

செல்வநாயகி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கராசு அதைக் குடித்தார். "உன்னைச் சொல்லலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றோடு வண்டி நின்றது. மாலை வாடிய பக்கெட்டோடு வேப்ப மரத்தடியில் நின்றது. சாணியை மறுபடி கூடையில்தான் அள்ள வேண்டியிருந்தது. அர்ச்சுனன் அரைக்கூடை அரைக்கூடையாகத் தூக்கினார். செல்வநாயகியும் தங்கம்மாளும் மாட்டை வெளியே அவிழ்த்துக் கட்டிவிட்டு, தரை முழுக்கச் சில்லு பொறுக்கினார்கள். தூக்குவது போய்ப் பொறுக்குவது வந்தது. பொறுக்குவதற்கும் குனியத்தான் வேண்டும். ஒரு பக்கம் பொறுக்கி முடித்து மறுபக்கம் போவதற்குள், முடித்த பக்கத்தில் மாடு மிதித்து இன்னும் நாலு மேலே வந்திருக்கும். தங்கம்மாள்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

தரை முழுக்க சிமெண்ட் போடலாமே என்று கார்முகில் போனில் சொன்னான். இருந்த பணத்தையெல்லாம் வண்டியில் போட்டாகிவிட்டது. அதோடு, போட்ட சிமெண்ட் இறுகுகிற வரைக்கும் இத்தனை மாட்டை எங்கே கட்டுவது? வெளியே கட்டினால் களிமண். "சரிப்பா, பாக்கலாம்" என்று சொல்லி செல்வநாயகி போனை வைத்தாள்.

ஒரு சாயங்காலம் பரக்கத்துல்லா வந்தார். வழக்கமாக வாசலிலேயே சத்தம் கொடுப்பவர், அன்றைக்கு மெதுவாக வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என் மேலயும் தப்புதான்க்கா. டயரு விக்கிறவன் நானு. டயரு எதும்மேல ஓடப்போவுதுன்னு கேக்காம வுட்டுட்டேன்."

"வுடுங்க பாய்" என்றார் அர்ச்சுனன். "சில்லைக் கொட்டுனதே நாங்கதான். கையால உடைச்சிப் போட்டவங்களுக்கே நெனப்பு வரல. மேல அளந்தோம், பக்கத்துல அளந்தோம். கீழ குனிஞ்சி பாக்கல." காலடியில் கிடந்த ஒரு சில்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். "மாட்டு யாவாரிகிட்ட சொல்லிட்டேன் பாய். வர்ற வாரம் வந்து மொத்தமா ஓட்டிட்டுப் போறேன்னுட்டாரு."

செல்வநாயகி டீத் தம்ளரோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். மொத்தமாக என்ற சொல்லைக் கேட்டதும் தம்ளரைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து நின்றாள். ஆம்பளைகள் பேசுகிற இடத்தில் அவள் அப்படி வந்து நின்றதில்லை.

"பாதியை மட்டும் வித்துடுங்க" என்றாள்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இத்தனையை நம்மால பாக்க முடியாதுதான். பாதியை வித்துடுங்க. மீதிப் பாதிக்கு இந்த வண்டியைக் குடுத்துட்டு வேற ஒண்ணு மாத்துங்க. காலையில சாணி அள்ளுறப்ப இங்க இருக்கறவ நான்தான். அதனால ஓட்டப்போறதும் நான்தான். வண்டி பாக்க நானும் வரேன்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அர்ச்சுனன் கேட்டதில்லை.

"நீயா? உனக்கு சைக்கிளே வுடத் தெரியாதே."

"கத்துக்கறேன்."

"இடுப்பு வலிக்கும், நாயகி."

"இப்ப மட்டும் வலிக்கலியா?"

பரக்கத்துல்லா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அக்கா சொல்றது சரின்னு படுதுண்ணே" என்றார்.

உளுந்தூர்பேட்டை ரோட்டில் பழைய வண்டிகள் நிறுத்தி வைத்திருக்கும் ஒரு இடத்துக்குப் போனார்கள். செல்வநாயகி வண்டிகளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வண்டி பக்கத்திலும் நின்று கீழேயே பார்த்துக்கொண்டு நடந்தாள். கடைசியில் ஒரு மினி டிராக்டர். குட்டையானது, முன்னால் சின்னதாக ஒரு பக்கெட் பொருத்தியிருந்தார்கள். யாரோ தோப்பு வைத்திருந்தவர் விட்டுவிட்டுப் போனதாம்.

"இதைக் கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொல்லுங்க பாய்."

அங்கிருந்த ஆள் ஏறி ஓட்டினான். நீளம் குறைவு என்பதால் சின்ன வட்டத்தில் திரும்பியது. முன் சக்கரத்தை ஒடித்து, மெதுவாக, ஒரு மாடு திரும்புவது மாதிரி திரும்பியது. செல்வநாயகி போய் அந்த இடத்தை மிதித்துப் பார்த்தாள். கிராவல் கொஞ்சம் அழுந்தியிருந்தது. கீறவில்லை.

"நான் ஏறட்டுமா?"

அர்ச்சுனன் கை கொடுத்தார். ஏறி உட்கார்ந்து புடவையைச் செருகிக்கொண்டாள். பக்கெட்டைத் தூக்குகிற பிடி எது என்று கேட்டுக்கொண்டு, அதை இழுத்தாள். பக்கெட் ஒரு சாண் உயரம் எழும்பியது. இறக்கிவிட்டாள். அப்புறம் மறுபடி இழுத்து, மேலே வரைக்கும் தூக்கினாள்.

அர்ச்சுனன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகத் தினமும் கண்ணெதிரே நடந்ததை அன்றைக்குத்தான் பார்ப்பவர்போல இருந்தது அவர் முகம்.

"எதுக்கு ஒரு தடவ தூக்கிட்டு எறக்குற?"

செல்வநாயகி யோசித்தாள். "கனம் எவ்ளோன்னு முதுகுக்குத் தெரியட்டும்னுதான்."

"டிராக்டருக்கும் முதுகு வலி வருமாக்கா?" என்று பரக்கத்துல்லா சிரித்தார்.

"வரும் பாய். தூக்குற எல்லாத்துக்கும் வரும்."

ஸ்கிட் லோடரைத் திட்டக்குடி ரோட்டில் ஒரு அரிசி ஆலைக்காரர் எடுத்துக்கொண்டார். அங்கே சிமெண்ட்டுக் களத்தில் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறதாம். மினி டிராக்டர் வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழம், சூடம் எதுவும் வைக்கவில்லை. யாருக்கும் தெம்பில்லை. பரக்கத்துல்லா மட்டும் கடையிலிருந்து ஒரு தேய்ந்த லாரி டயரைக் கொண்டுவந்தார். அதைப் பட்டையாக அறுத்து, பக்கெட்டின் இரும்பு விளிம்பு தரையில் படாதபடி போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. ரப்பர் தரையைச் சீவாது, சாணியை வழித்துத் தள்ளும். கூடையில் தூக்கிப் போட வேண்டாம் என்று எருக்குழியைக் கொட்டகையின் தாழ்ந்த பக்கத்துக்கு மாற்றி வெட்டினார்கள். கொட்டகைத் தரைமேல் புதிதாகக் கிராவல் போட்டு அடித்தார்கள்.

இதற்கு நடுவிலேயே, சொன்ன நாளில் யாவாரி வந்தார். எதை விற்பது, எதை வைப்பது என்று செல்வநாயகி மனதுக்குள் பிரித்து வைத்திருந்தாள். ஆனால் யாவாரி நல்ல கறவையாகப் பார்த்துத்தான் கை வைத்தார். நொண்டுகிற மயிலையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி திரும்பத் திரும்ப வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஒவ்வொரு மாடும் ஏறும்போது அதன் கழுத்துக் கயிற்றை அவள் அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். விற்ற மாட்டோடு கயிற்றைக் கொடுப்பது வழக்கமில்லை. கடைசி நடை போன பிறகு காலியான பக்கத்தைப் பார்க்காமல், மிச்சமிருந்ததுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

வண்டி பழக ரொம்ப நாள் ஆனது. ஒரு தடவை தூணில் இடித்தாள். ஒரு தடவை தவிட்டுத் தொட்டியை உடைத்தாள். பிரேக்கை மிதிக்கவேண்டிய இடத்தில் கிளட்சை மிதித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கலெக்டரம்மா வண்டி வருது, ஒதுங்குங்கடா!" என்று தங்கம்மாள் கன்றுக்குட்டிகளை விரட்டுவாள். "ஏ நாயகி, கண்ணைத் தொறந்துகிட்டு ஓட்டுடி. நான் இன்னும் பேரன் கல்யாணம் பாக்கணும்."

இறங்கும்போது இடுப்பு மரத்துப்போயிருக்கும். டயரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடப்பாள். ஆனாலும் கூடை தூக்கின வலி வேறு, இந்த வலி வேறு. இந்த வலி சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுகிறது.

இன்றைக்குப் பாதி மாடு இருக்கிறது. அதில் மயிலையும் ஒன்று. கால் ஆறிவிட்டது, பால் குறைந்துவிட்டது. அர்ச்சுனன் காலையில் பால் கேனோடு டவுனுக்குப் போன பிறகு, செல்வநாயகி மினி டிராக்டரை எடுத்துச் சாணியை வழித்துக் குழியில் தள்ளிவிடுகிறாள். மூலை முடுக்கில் ஒட்டியதைத் தங்கம்மாள் நீளக்காம்பு மண்வெட்டியால் இழுத்துவிடுகிறாள். தவிட்டு மூட்டையையும் வைக்கோலையும் பக்கெட்டே தூக்குகிறது. தூக்குவதற்கு முன் அது ஒரு தடவை எழும்பி இறங்குகிறது. சில்லு முன்போல் இல்லை, ஆனால் இன்னும் ஒன்றிரண்டு வந்துகொண்டுதான் இருக்கிறது. தங்கராசு இந்த வருஷம் எருவுக்கு வரவில்லை. கொட்டகையின் மறுபாதியில் இப்போது வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள்.